இடமும் ஒரு பாகம்தான்

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தய பக்கி ஒன்றின் கிட்டைப் பிரித்தால், சேசிஸ் தட்டு, சஸ்பென்ஷன் கைகள், எண்ணெய் ஊற்ற வேண்டிய ஷாக் அப்சார்பர்கள், பல்சக்கரங்கள், பேரிங்குகள், பை பையாகத் திருகுகள் எல்லாம் வெளியே வரும். வண்டியை நகர்த்தும் பொருள் மட்டும் ஒன்றுகூட இருக்காது. சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈஎஸ்சி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, கையிலுள்ள ட்ரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்கும் ரிசீவர், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் லித்தியம் பேட்டரி ஆகிய ஐந்தையும் கட்டுபவர்தான் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். பொருத்துவதும் அவர் வேலைதான்.

கிட்டோடு வரும் கையேடு சேசிஸ் கட்டுவதைத் திருகு திருகாகச் சொல்லும். மின்னணுப் பாகங்களின் முறை வந்ததும் சுருக்கமாக முடித்துக்கொள்ளும். யார் எந்த மாடல் ஈஎஸ்சியை வாங்கப்போகிறார் என்று கிட் தயாரித்தவருக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பக்கங்களில் விடுபட்டதையெல்லாம் கட்டுபவர் தன் அறிவால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவையான அறிவைத் தருவது இயற்பியல். ஒரே விலைக்கு வாங்கிய ஒரே ஐந்து பாகங்கள் ஒரு வண்டியில் துல்லியமாகவும் இன்னொரு வண்டியில் தடுமாற்றத்தோடும் வேலை செய்வதற்கு, அவை எங்கே அமர்ந்திருக்கின்றன, எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இடத்தையும் இணைப்பையும் கடையில் வாங்க முடியாது. ஆனாலும் அவை வண்டியின் பாகங்கள்தான்.

மூடிய பெட்டியிலிருந்து திறந்த சேசிஸுக்கு

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 காரின் மாதிரியோடு ரேடியோ கார்களில் இறங்கியது. அது வழவழப்பான தரையில் ஓடும் வண்டி. 1979-ல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் மணலிலும் மண்ணிலும் ஓடப் பிறந்தவை. தூசியும் தண்ணீரும் ரேடியோவைக் கெடுத்துவிடும் என்பதால், அவற்றில் மின்னணுப் பாகங்களை உள்ளே வைத்து மூடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டியே முடிவு செய்துவிட்டது.

1984-ல் கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்ற பக்கியைக் கொண்டுவந்தது. பொன்னிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி வடிவச் சேசிஸ் அது. பந்தயத்துக்காகவே வரைந்த வண்டி என்பதால் எடையும் சமநிலையும் முன்னுக்கு வந்தன. இன்றைய பந்தய பக்கிகள் அந்த வழியில் வந்தவை. மூடிய பெட்டி போனதும் சுதந்திரம் வந்தது. எதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வந்தது.

ஒன்றரைக் கிலோவில் இருநூறு கிராம்

ஓடத் தயாரான இருசக்கர இயக்க பக்கி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதில் பேட்டரி மட்டும் சுமார் 200 கிராம். மோட்டாரும் கிட்டத்தட்ட அதே அளவு. ஈஎஸ்சியும் சர்வோவும் சில பத்து கிராம்கள். ரிசீவர் பத்து கிராமுக்குப் பக்கம்.

200 கிராம் பேட்டரியை 15 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் 2 மில்லிமீட்டர் பின்னால் போகும். இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும் வண்டியில், அந்தச் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு கிடைக்கும். உதிரி மண் தடத்தில் எடையைப் பின்னால் தள்ளினால் வண்டி வழுக்காமல் பாயும். அதே எடை முன்சக்கரங்களிலிருந்து கழிந்துவிடுவதால், வளைவில் திரும்ப மறுக்கும். பழைய பக்கிகளில் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியதற்கும், கம்பளமும் செயற்கைப் புல்லும் விரித்த பிடிப்பான தடங்கள் பெருகிய பிறகு மோட்டார் அச்சுக்கு முன்னே நகர்ந்ததற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

ஈர்ப்பு மையம் மாறாமலே வண்டியின் குணம் மாறவும் முடியும். சிலம்பக் கம்பின் இரு நுனியிலும் எடை கட்டிச் சுழற்றுவது கடினம். அதே எடையைப் பிடிக்கு அருகே கட்டினால் கம்பு கைக்கு உடனே வளைந்து கொடுக்கும். திரும்புவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு, எடையோடு நேராகவும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடும் வளர்கிறது. நடுவிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்கும் ஈஎஸ்சியை 6 சென்டிமீட்டருக்குத் தள்ளினால், தூரம் மூன்று மடங்கு. எதிர்ப்பில் அதன் பங்கு ஒன்பது மடங்கு. ஆகவே கனமானவை நடுவை ஒட்டியும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஈஎஸ்சி இருந்தால் வலப்பக்கம் ரிசீவரும் வேறு எடையும் சேர்ந்து அதை ஈடுகட்ட வேண்டும். டேப் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா வைத்து, வண்டியின் முன்னும் பின்னும் நடுக்கோட்டில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் எடை கூடுதல்.

இடம் முடிவானதும் சேசிஸின் அந்தப் பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தடிமனான இருபக்க ஃபோம் டேப்பால் ஒட்டுவார்கள். ஃபோம் பாகத்தைப் பிடித்துக்கொள்வதோடு, குதித்து இறங்கும்போது வரும் அதிர்ச்சியின் கூர்மையையும் மழுக்குகிறது. விரல் எண்ணெய் படிந்த தட்டில் அது இரண்டு தாவலுக்கு மேல் நிற்காது.

சர்வோ: முதலில் நடு, பிறகு கை

சர்வோவுக்குள் ஒரு சிறு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், அச்சு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரி, கேட்ட கோணத்தையும் நிற்கும் கோணத்தையும் ஒப்பிடும் சுற்று ஆகியவை இருக்கின்றன. ரிசீவர் அனுப்புவது ஒரு மின்துடிப்பு. துடிப்பின் நீளம்தான் செய்தி. 1.5 மில்லிவிநாடி நீண்டால் நடு. 1 மில்லிவிநாடி என்றால் ஒரு பக்கக் கோடி. 2 மில்லிவிநாடி என்றால் மறுபக்கக் கோடி. பழைய முறையில் இந்தத் துடிப்பு விநாடிக்கு 50 முறை வரும். இன்றைய ரேடியோக்கள் இன்னும் அடிக்கடி அனுப்புகின்றன. கேட்ட கோணமும் நிற்கும் கோணமும் ஒன்றாகும் வரை சர்வோ மோட்டார் ஓய்வதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, சர்வோவின் அச்சில் கையை மாட்டுவதற்கு முன் அதற்கு மின்சாரம் கொடுத்து, நடுநிலையைச் சற்றே நகர்த்த ட்ரான்ஸ்மிட்டரில் இருக்கும் ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, நடுவுக்கு வரவழைக்க வேண்டும். கடையிலிருந்து வந்த சர்வோ எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படியே கையைப் பூட்டினால், முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் அது நடுவைத் தேடி ஓடி, ஸ்டீயரிங் இணைப்புகளைச் சேசிஸில் மோதவிடும்.

நடுவில் நிறுத்திய பிறகும் கை சரியாகச் செங்குத்தாக அமையாது. ஃபுட்டாபா வகை அச்சில் 25 பற்கள், ஹைடெக்கில் 24, சான்வா வகையில் 23. 25 பற்கள் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 பாகை. கை விரும்பிய கோணத்திலிருந்து அதிகபட்சம் அதில் பாதி, அதாவது 7.2 பாகை விலகி நிற்கலாம். மிகவும் நெருக்கமான பல்லைத் தேர்ந்து, மிச்சத்தை ட்ரான்ஸ்மிட்டரின் சப்-ட்ரிம்மில் திருத்த வேண்டும். பற்களின் எண்ணிக்கை பொருந்தாத கையை அழுத்தி ஏற்றினால் அது உள்ளே போவதுபோலத் தோன்றும். ஓட்டத்தில் பற்கள் மழுங்கிப்போகும்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. சக்கரங்கள் இயந்திர எல்லையை எட்டி முட்டிய பிறகும், ரேடியோ கேட்கும் கோணம் அதையும் தாண்டி இருந்தால், சர்வோ விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். நகர முடியாத மோட்டார் அதிகபட்ச மின்னோட்டத்தை இழுக்கும். அந்த மின்னோட்டம் பெரும்பாலும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற சிறு சுற்றிலிருந்து வருகிறது. பேட்டரியின் 7.4 வோல்ட்டை 6 வோல்ட்டாகக் குறைத்து சர்வோவுக்கும் ரிசீவருக்கும் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. சர்வோ அளவுக்கு மீறி இழுத்தால் மின்னழுத்தம் சரியும். சரிவு ஆழமானால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழும். வளைவில் முழுதாகத் திருப்பும்போதெல்லாம் வண்டி கட்டளையை மறந்துபோவதைப் பார்ப்பவர் ரேடியோவைச் சந்தேகிப்பார். புது ரிசீவர்கூட வாங்கிவிடுவார். ஆனால் கோளாறு ஸ்டீயரிங் எல்லையில் இருக்கிறது. ட்ரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட் எனப்படும் அளவைக் குறைத்து, சக்கரம் முட்டும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் சர்வோவை நிறுத்தினால் போதும்.

மோட்டாரும் மூன்று கம்பிகளும்

1980-களின் தொடக்கக் கிட்களில் வேகக் கட்டுப்பாடு ஒரு இயந்திர ஏற்பாடு. இன்னொரு சர்வோ ஒரு தொடுமுனையைச் செப்புப் பட்டைகளின் மேல் நகர்த்தும். மெதுவாகப் போக வேண்டுமானால் மின்னோட்டம் ஒரு மின்தடை வழியாகப் போகும். வேண்டாத ஆற்றல் முழுவதும் வெப்பமாக எரியும்.

இன்றைய ஈஎஸ்சி அப்படி எரிப்பதில்லை. பெல் ஆய்வகத்தில் முகமது அடல்லாவும் டாவோன் காங்கும் 1959-ல் உருவாக்கிய மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டரின் வழித்தோன்றல்கள் அதில் ஸ்விட்சுகளாக இருக்கின்றன. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தால் அவை வேகத்தை அளக்கின்றன. முழுதாகத் திறந்த மாஸ்ஃபெட்டின் தடை மில்லி ஓம் அளவில்தான். அதனால் வீணாவது கொஞ்சம்.

பிரஷ் இல்லாத மோட்டாரில் சுருள்கள் வெளியே நிலையாக இருக்கின்றன. நடுவில் காந்தம் சுழல்கிறது. ஏ, பி, சி என்ற மூன்று கம்பிகளுக்கும் முறைவைத்து மின்சாரம் கொடுத்தால் காந்தம் அதைத் துரத்திச் சுழலும். முறை தப்பாமல் இருக்கக் காந்தம் எங்கே நிற்கிறது என்று ஈஎஸ்சிக்குத் தெரிய வேண்டும். ஓடும் மோட்டாரில் சும்மா இருக்கும் சுருளில் பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்து ஊகிக்கலாம். நின்றிருக்கும் மோட்டாரில் அப்படி எதுவும் பிறக்காது. எனவே சென்சார் இல்லாத மோட்டார் கிளம்பும்போது திக்கித் திணறும். மண் தடத்தில் மெல்ல நகர்ந்து வளைவிலிருந்து வெளியேற வேண்டிய வண்டிக்கு இது பெருங்குறை.

அதற்காகத்தான் மூன்று ஹால் சென்சார்கள். காந்தப்புலத்தில் மின்னோட்டம் பக்கவாட்டில் விலகுவதை எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தும் சில்லுகள் காந்தத்தின் நிலையை நின்றபடியே சொல்லிவிடும். ஆறு இழை கொண்ட மெல்லிய கேபிள் வழியாக அந்தச் செய்தி போகிறது: மூன்று நிலைச் செய்திகள், ஒரு வெப்பநிலைச் செய்தி, மின்சாரத்துக்கு இரண்டு இழைகள். சென்சார் இல்லாத அமைப்பில் மூன்று பெரிய கம்பிகளில் எந்த இரண்டை மாற்றினாலும் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், அவ்வளவுதான். சென்சார் உள்ள அமைப்பில் அப்படிச் செய்யக் கூடாது. சென்சார் சொல்லும் நிலைக்கும் சுருளுக்குப் போகும் மின்சாரத்துக்கும் ஒத்துவராமல் போய், மோட்டார் குலுங்கும், சூடேறும்; ஈஎஸ்சியும் கெட்டுப்போகலாம். ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி. திசையை மாற்ற வேண்டுமானால் ஈஎஸ்சியின் அமைப்பில் மாற்ற வேண்டும்.

மோட்டாரைப் பூட்டும்போது திருகின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளமான திருகு முகப்புத் தகட்டைத் தாண்டி உள்ளே சுருளைத் தொட்டுவிடும். மோட்டார் அச்சிலுள்ள பினியன் பல்சக்கரத்துக்கும் அது சுழற்றும் ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதப் பட்டையை ஓடவிட்டு, இறுக்கிய பிறகு அதை எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். இறுக்கம் கூடினால் பேரிங்கும் மோட்டாரும் சூடேறும். தளர்ந்தால் பிளாஸ்டிக் பற்கள் உதிரும்.

ஒரு சால்டர் துளியின் கணக்கு

முடுக்கும் நொடியில் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் ஓடுவது சாதாரணம். மின்தடையில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வளரும் என்பதால், இங்கே மில்லி ஓம்கூடக் கணக்கில் வரும். பந்தய வண்டிகளில் வழக்கமான 12 கேஜ் செப்புக் கம்பி 10 சென்டிமீட்டருக்கு அரை மில்லி ஓம் தடை கொண்டது. 50 ஆம்பியரில் அது 1.3 வாட் வெப்பம். அதே பாதையில் சரியாக உருகாத ஒரு சால்டர் இணைப்பு 5 மில்லி ஓம் தடை காட்டினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 12.5 வாட். மின்னணு வேலைக்கான சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பத்துக்கு அது கிட்டத்தட்ட சமம். அந்த இணைப்பு தன்னைத்தானே உருக்கிக்கொள்ளும் நிலைக்குப் போகும்.

63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் தடித்த செப்புக் கம்பி அயர்னின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடும். சிறிய முனையை வைத்தால் சால்டர் மேலே உருகி உருண்டையாக நிற்கும். அடியில் செப்போடு ஒட்டியிருக்காது. அகன்ற முனையும் 60 வாட்டுக்குக் குறையாத அயர்னும் வேண்டும். கம்பிக்கும் டெர்மினலுக்கும் தனித்தனியாக ஃப்ளக்ஸ் தடவிச் சால்டர் ஏற்றிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கி ஒன்றாக ஓடவிட வேண்டும். ஆறும் வரை கை அசையக் கூடாது. பளபளப்பாகவும் கம்பியின் இழைகளுக்குள் ஊறியும் இருந்தால் இணைப்பு நன்று.

கம்பியின் நீளத்துக்கு வெப்பத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. மாஸ்ஃபெட் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டும்போது, கம்பியின் தூண்டல் பண்பு அந்த ஓட்டத்தை நிறுத்த மறுத்து மின்னழுத்தத்தை எகிறச் செய்கிறது. கம்பி நீண்டால் எகிறலும் கூடும். ஈஎஸ்சியின் வாசலிலேயே ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர் அந்த எகிறலை விழுங்குவதற்காக இருக்கிறது. இடமில்லை என்று அதை நீண்ட கம்பியில் தொங்கவிட்டால், அது காப்பாற்ற வேண்டிய இடத்திலிருந்து விலகிவிடும். கெப்பாசிட்டரில் கழித்தல் பக்கத்தைக் காட்டும் பட்டையைக் கவனிக்காமல் மாற்றி இணைத்தால் அது வெடிக்கும்.

31 மில்லிமீட்டர்

1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அந்த வரிசையில் பல பத்தாண்டுகள் பொம்மை வண்டிகளும் பந்தய வண்டிகளும் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடின. அதன் அலைநீளம் 11 மீட்டர். வண்டியில் நீண்ட கம்பி ஒன்று வானைப் பார்த்து நிற்கும். அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகம் இருவரிடமும் ஒரே வகையாக இருந்தால் ஒருவர் கட்டளை மற்றவர் வண்டியைத் திருப்பிவிடும்.

இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிணைந்துகொள்கின்றன. பல ரேடியோக்கள் பிறகு அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே பேசுகின்றன. இப்படித் தாவும் யோசனைக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942-ல் காப்புரிமை பெற்றார்கள்.

ரிசீவரிலிருந்து வரும் ஆன்டெனா கம்பியைக் கூர்ந்து பார்த்தால், நுனியில் மட்டும் வெளியுறை இல்லாமல் மெல்லியதாக இருக்கும். அந்த நுனியின் நீளம் சுமார் 31 மில்லிமீட்டர், அலைநீளத்தில் கால் பங்கு. அதுதான் ஆன்டெனா. மீதியெல்லாம் உலோக வலை போர்த்திய வெறும் பாதை. நுனியை வெட்டினாலோ மடித்தாலோ கேட்கும் திறன் குறையும். சேசிஸ் தட்டில் படுக்கவைத்தால் அலுமினியமும் கார்பன் ஃபைபரும் அலையை மறைக்கும். பேட்டரியின் உலோகத் தாள்களும் அப்படியே. நேராக நிற்கும் ஆன்டெனா சுற்றிலும் எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும். நுனி நோக்கும் திசையில்தான் அதன் செவி மந்தம். அதனால்தான் பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து நிமிர்த்தி வைக்கிறார்கள். ரிசீவரையும் மோட்டாரின் பெரிய கம்பிகளிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி வைப்பது, அவற்றின் மின் இரைச்சல் அதன் செவியைக் கெடுக்காமல் இருக்கத்தான்.

முதல் மின்சாரம்

எல்லாம் பூட்டியாயிற்று. சக்கரங்கள் தரையைத் தொடாமல் வண்டியை ஒரு கட்டை மேல் நிறுத்துங்கள். முதலில் ட்ரான்ஸ்மிட்டர், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, கடைசியில் ட்ரான்ஸ்மிட்டர். இந்த வரிசை மாறினால், கட்டளை தர ஆளில்லாத நேரத்தில் மோட்டாரோடு பேட்டரி இணைந்திருக்கும்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு ட்ரான்ஸ்மிட்டர் விசையின் நடு, முழு முடுக்கம், முழு பிரேக் ஆகிய மூன்றையும் ஈஎஸ்சிக்குக் கற்றுக்கொடுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் நிறுத்தும் வசதியை லித்தியம் வகைக்கு மாற்றுங்கள். இரண்டு செல் கொண்ட லைப்போ பேட்டரி முழுதாக ஏறினால் 8.4 வோல்ட், ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிரந்தரமாகக் கெடலாம், பிறகு அதைச் சார்ஜ் ஏற்றுவது தீ ஆபத்து. அடுத்து, சக்கரம் மெதுவாகச் சுழலும்போதே ட்ரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைக்கப்படவில்லை. அந்த வண்டியைத் தடத்தில் இறக்கக் கூடாது.

தடத்தில் சில நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். சாதாரணத் தரத்து நியோடிமியம் காந்தங்கள் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். சூடு கூடுதலாக இருந்தால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்தால் மோட்டாரின் சுமை இறங்கும்.

பேட்டரி, மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள், மூன்று கம்பி மோட்டார், காந்தத்தின் நிலையைச் சொல்லும் சென்சார் என்ற இதே வரிசைதான் தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டருக்குள்ளும் இருக்கிறது. கெப்பாசிட்டர் ஸ்விட்சுக்கு அருகே இருக்க வேண்டும், கனமான பேட்டரி தாழ்வாக நடுவில் இருக்க வேண்டும், கட்டளை அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற விதிகள் அங்கும் மாறுவதில்லை. ஒன்றரைக் கிலோ வண்டியில் ஒரு கம்பியின் பாதையை யோசித்து முடிவு செய்யக் கற்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, பெரிய வண்டியின் வரைபடத்தைப் படிக்கும் கண் கிடைத்துவிடுகிறது. அங்கே எண்கள் மட்டும்தான் பெரியவை.